இடம் விடாமல் கட்டிய பைகள்

எங்கள் ஆய்வுக்கூடத்து வாசலில், செருப்புக்கு மேல் உறை மாட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை நிற்கிறது. என் அண்ணன் அந்தப் பலகையையே இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. நுண்ணோக்கியை விட்டு நான் எழுந்திருப்பதற்குள், "நாளைக்கு ஆபரேஷன் இல்லையாம். அவளுக்குக் காய்ச்சல். அந்தத் தோல் என்ன ஆகும், அதை மட்டும் சொல்லு" என்றான்.

அந்தத் தோல் என்றது அண்ணியின் தோலை. அண்ணி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம் அது. ஒரு நாள் நீராவிக் குழாய் பிளந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணைப் பிடித்துத் தள்ளிவிட்டு இவள் திரும்புவதற்குள் முதுகும் கைகால்களும் வெந்துவிட்டன. எல்லோரும் வந்து வந்து பாராட்டினார்கள். எனக்கு மட்டும் ஆத்திரமாக வந்தது. அவளைத் தள்ளிவிட்ட கையோடு தானும் நகர்ந்திருக்கக் கூடாதா?

கைகால்களுக்கு உடம்பின் வேறு இடங்களிலிருந்து தோல் எடுத்து ஒட்டியாகிவிட்டது. முதுகுக்கு எடுக்க மிச்சமில்லை. அதனால் அவளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா தபால்தலை அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எங்களிடம் அனுப்பினார். நாங்கள் அதை மூன்று வாரம் தட்டில் வளர்த்து எட்டுத் தாள்களாக ஆக்கியிருந்தோம். வெங்காயத்தின் உள்தோல் போல மெலிசாக இருக்கும். எட்டும் சேர்ந்தால்தான் முதுகு மூடும். வளர்ந்ததும் ஒட்டிவிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள் தாங்கும், அதற்குமேல் செத்துவிடும். அண்ணிக்கோ இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அவளை ஆபரேஷன் மேசையில் போடவே முடியாது. மறுபடி முதலிலிருந்து வளர்க்கலாம்தான், ஆனால் அத்தனை நாள் திறந்த முதுகோடு கிடந்தால் அடுத்த காய்ச்சலில் அவள் பிழைக்க மாட்டாள் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

இதை அண்ணனிடம் பூசி மெழுகாமல் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் ஏதோ விழுந்துவிட்டது மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீ ஏதோ மீன் சமாச்சாரம் பண்றியே, அது எதுக்கும் உதவாதா?" என்று கேட்டான்.

என் வேலையை மீன் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறும். அன்றைக்கு ஏறவில்லை. அவன் கேட்பதற்கு முன்பே நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சமாச்சாரம் இதுதான். கடுங்குளிர்க் கடல்களில் வாழும் சில மீன்களின் இரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. அங்கே தண்ணீரே மைனஸில் கிடக்கும். நியாயப்படி அந்த மீன் கட்டையாக உறைந்து போக வேண்டும். உறைவதில்லை. உடம்புக்குள் பொடிப் பொடியாகப் பனித் துகள் வந்தால் இந்தப் புரதம் ஓடிப்போய் அதன் மேல் அப்பிக்கொள்ளும், வளர விடாது. அதே புரதத்தை நாங்கள் ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறோம், அதனால் மீன் வாடை எல்லாம் கிடையாது. அதைக் கலந்த திரவத்தில் தோலைப் போட்டு மைனஸ் மூன்று டிகிரியில், உறையாமல், தண்ணீராகவே வைத்திருந்தால் செல்கள் தூங்கும். அப்படித் தூங்கிய தாள்கள் மூன்று வாரம் கழித்தும் உயிரோடு எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் பத்துப் பையில் நான்கு, காரணமே இல்லாமல் உறைந்து போகும். உறைந்தால் சாதாரணப் பனி மாதிரி உறையாது. புரதத்தை மீறிக்கொண்டு வளர்கிற பனி ஊசி ஊசியாக வளரும், ஒரு செல்லைக்கூட விடாமல் குத்திக் கிழித்துவிடும். எங்கள் தலைவர் புரதத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார். ஊசிகள் இன்னும் கூர்மையானதுதான் மிச்சம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைனஸ். காலையில் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் வராது, "மைனஸ் எவ்வளவு இருக்கு?" என்றுதான் கேட்பார். அவரே அலுத்துப் போய், இந்தப் புரதத்தைக் கைகழுவி விடலாம் என்று போன மாதம் சொல்லியிருந்தார்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நேராக அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எட்டுத் தாள்களையும் மைனஸ் மூன்றில் வைக்கப் போகிறேன், அதற்கு முன்னால் பைகள் ஏன் உறைகின்றன என்று கண்டுபிடிக்கப் போகிறேன், எனக்கு நான்கு நாள் இருக்கிறது என்றேன். ஒரு வருஷமாகக் கண்டுபிடிக்க முடியாததை நான்கு நாளில் கண்டுபிடிப்பாயா என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலைமையில் நான் இல்லை. டாக்டரம்மாவிடம் அவரே பேசினார். எப்படியும் குப்பைக்குப் போகப் போகிற தாள்கள், முயன்று பாருங்கள், ஆனால் உயிரோடு இருக்கிறது என்று நீங்கள் சோதித்துக் காட்டாத ஒரு தாளைக்கூட நான் அவள் முதுகில் வைக்க மாட்டேன் என்று டாக்டரம்மா கறாராகச் சொன்னாராம். அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

முதல் நாள் முழுக்கப் பழைய கணக்குகளையே புரட்டினேன். புரதம், உப்பு, பையின் பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக விட்டேன். இரண்டாம் நாள் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. ஒரு வருஷமாக நாங்கள் உறைந்து முடிந்த பைகளைத்தான் பார்த்து வந்திருக்கிறோம். உறைகிறபோது யாருமே பார்த்ததில்லை. குளிரறையில் அவ்வளவு நேரம் யார் நிற்பது? நின்றால் என்ன, செத்தா போய்விடுவோம்? இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, கையில் டார்ச். தோல் இல்லாத வெறும் திரவப் பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

கப்பல் இரண்டு தடவை கதவைத் திறந்து என்னை எட்டிப் பார்த்தார். கப்பல் என்பது எங்கள் டெக்னீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர். மீன் பிடித்து அங்கேயே உறைய வைக்கும் கப்பலில் பல வருஷம் இருந்தவர், பை கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மூன்றாம் தடவை ஒரு கோப்பை டீயைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, மூக்கு சிவந்து போச்சு மேடம், பனி உங்களைத்தான் முதலில் பிடிக்கும்போல என்றார். திட்ட வாயெடுத்தேன். அந்த நேரத்தில்தான் வரிசையில் மூன்றாவது பை உறைந்தது.

கண் இமைக்கிற நேரம்தான். பையின் மேல்முனையில், திரவத்துக்கு மேலே இருந்த காற்றுக் குமிழின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அங்கிருந்து ஊசிகள் கீழே பாய்ந்தன. பக்கத்துப் பையைப் பார்த்தேன், அதிலும் மேலே அதே அளவு காற்று. எல்லாப் பையிலும் அதே அளவு காற்று. மதியத்துக்குள் இன்னொன்று உறைந்தது. அதுவும் காற்றின் ஓரத்தில்தான் தொடங்கியது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உறைய வைக்கும் தொழிலில் இருக்கிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம் ஒன்று உண்டு: பையை முழுக்க நிரப்பாதே, தண்ணீர் உறைந்தால் பெருக்கும், இடம் விடவில்லை என்றால் பை வெடிக்கும். கப்பல் அதைக் கப்பலில் கற்றார். மைனஸ் இரத்த வங்கியில் கற்றார். நான் எலும்பு வங்கியில் கற்றேன். எங்கள் எல்லோருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி. உறையவே கூடாத பைகளையும் அதே கையால்தான் கட்டி வந்திருக்கிறோம். பனி வந்தால் உட்கார இருக்கட்டும் என்று நாங்களே இடம் போட்டு வைத்திருக்கிறோம், அதுவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

காற்றே இல்லாமல் பை கட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் கப்பலின் முகம் மாறிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இடம் விடாமல் கட்டிய பை வெடித்து, கிடங்கு முழுக்கச் சிதறியதைக் கண்ணால் பார்த்தவன் நான், அது என் கையால் நடக்காது என்றார். எனக்கும் ஏறிவிட்டது.

"உறைஞ்சா உள்ள இருக்கிறது செத்துடும், கப்பலாரே. செத்ததுக்கு எதுக்கு இடம் விடணும்? பை வெடிச்சா என்ன, வெடிக்கலைன்னா என்ன?"

அவர் கையிலிருந்த வெறும் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரவத் தொட்டிக்குப் போய், பையை விளிம்பு வரை நிரப்பி, அடியிலிருந்து மெல்ல அழுத்தி, கடைசிக் குமிழ் கழுத்துக் குழாயில் ஏறும்வரை தள்ளி, குமிழுக்குக் கீழே கிளிப்பைப் போட்டு மேலே வெட்டி எறிந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொட்டுக் காற்று இல்லை. நான் பத்துத் தடவை முயன்றும் அப்படி ஒன்று கட்ட வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், என்னைச் சீண்டிக்கொண்டே பக்கத்தில் நின்றிருந்தார்.

காற்று விட்டுக் கட்டியவற்றில் ஆறு, காற்றில்லாமல் கட்டியவற்றில் ஆறு என்று குளிரறையில் வைத்தோம். நான்காம் நாள் காலையில் காற்றுள்ளவற்றில் மூன்று உறைந்திருந்தன. காற்றில்லாதவற்றில் ஒன்றுகூட இல்லை. துள்ளிக் குதித்துக்கொண்டு மைனஸிடம் ஓடினேன். அவர் துள்ளவில்லை. இரண்டு நாளுக்கும் குறைவாகப் பார்த்ததை வைத்துப் பன்னிரண்டு நாளுக்கு எப்படி உத்தரவாதம் தருவாய் என்றார். பழைய முறையில் பத்துக்கு ஆறு தேறும் என்பது ஒரு வருஷமாகப் பார்த்தது. புதிய முறையில் மூன்றாம் நாள் என்ன ஆகும் என்பதே யாருக்கும் தெரியாது. நான்கு தாளை அப்படி, நான்கு தாளை இப்படி என்று பிரித்து வை, ஒரேயடியாக எல்லாம் போகாது என்றார்.

புத்திசாலித்தனமான பேச்சு. என்னால் அதை மறுக்க முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. தோல் யாருடையதோ அவளிடமே கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். இரண்டே தெரு தள்ளித்தான்.

அண்ணி குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் தலையணையில் அழுந்தியிருந்தது, காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. அண்ணன் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான், அப்படி உட்கார்ந்தால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியும். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன நாத்தனாரே, என் தோலை மீனுக்குப் போட்டுவிட்டாயா என்று குரல் கம்மக் கேட்டாள். அந்த நிலைமையிலும் வாய் குறையவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டும் போய்விடலாம் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான், நிறுத்து என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை. அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய மாதிரி வச்சா எத்தனை தேறும்?"

"நாலோ அஞ்சோ."

"மூடறதுக்கு எத்தனை வேணும்?"

"எட்டும் வேணும், அண்ணி."

"அப்புறம் என்ன யோசனை? எட்டும் தேறுற வழியில வை. பாதி முதுகை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அவள் அவனைப் பேச விடவில்லை, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் போனதும் என்னிடம், போய்விட்டாலும் உன் மேல் பழி போட மாட்டேன், அதற்காக இரண்டு மனதாக வேலை செய்யாதே என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மறுபடி கண்ணை மூடியிருந்தாள், அது தெரிந்திருக்காது.

அன்று மாலைக்குள் எட்டுத் தாள்களையும் எட்டுப் பையில் கட்டினோம். கப்பல் கட்டினார், நான் குமிழ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்தேன், மைனஸே வந்து குளிர்பெட்டியில் அடுக்கினார். பாதிப் பாதி என்ற பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. அண்ணி சொன்னதைச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தார் என்றுகூட நினைக்கிறேன்.

அடுத்த நாட்களில் ஆய்வுக்கூடத்தில் என்னோடு பேசவே எல்லோரும் பயந்தார்கள். குளிர்பெட்டி அதிர்ந்தால் போதும், பனி விழித்துக்கொள்ளலாம். பெட்டிக்கு முன்னால் என் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தரை துடைக்கும் இயந்திரத்தை வாசலோடு திருப்பி அனுப்பினேன். பக்கத்து அறைச் சுவரில் ஓட்டை போட வந்த எலக்ட்ரீஷியன் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேலிடத்து உத்தரவு என்றார். ஓட்டையை என் தலையில் போடுங்கள், சுவரில் போடாதீர்கள் என்றேன். மனுஷன் டிரில்லைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், பாவம். ஒவ்வொரு நாள் காலையிலும் பெட்டியின் கண்ணாடி வழியாகப் ஒவ்வொரு பையாக எண்ணிப் பார்ப்பேன். எட்டும் தெளிவாக இருக்கும். சாயங்காலம் வரை அந்தத் தெம்பு ஓடும்.

பதினோராம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். அன்று காலையில் ஒவ்வொரு பையிலிருந்தும் நகக்கண் அளவு துண்டு வெட்டி நீலச் சாயத்தில் போட்டோம். செத்த செல் நீலத்தைக் குடித்துவிடும், உயிருள்ளது குடிக்காது. நுண்ணோக்கியில் நான் பார்க்கவில்லை, என்னால் முடியவில்லை, மைனஸைப் பார்க்கச் சொன்னேன். மனுஷன் எட்டுத் துண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். கடைசியில், "அங்கங்க கொஞ்சம் நீலம். மத்ததெல்லாம் உயிரோடதான் இருக்கு. எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

துண்டெடுக்கத் திறந்த பைகளைக் கப்பல் மறுபடி காற்றில்லாமல் கட்டித் தந்தார். வண்டி வேண்டாம், குலுங்கும் என்று சொல்லிவிட்டேன். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த இரண்டு தெருவையும் நடந்தேன். அண்ணன் முன்னால் போய்க் கையை விரித்து ஆட்களை ஒதுக்கினான். ஒரு சைக்கிள்காரர் என்னை உரசிக்கொண்டு போனபோது அண்ணன் அவரைத் திட்டிய திட்டு அந்தத் தெருவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

ஆபரேஷன் அறைக்குள் எங்களை விடவில்லை. ஒட்டுகிற நிமிஷம் வரை தாள் குளிரில் இருக்க வேண்டும் என்பதால் பெட்டி வெளியே என்னிடமே இருந்தது. கதவு திறக்கும், நர்ஸ் கையை நீட்டுவார், நான் ஒரு பையைக் கொடுப்பேன். அடுத்த பையைக் கேட்டு வந்தால் முன்னது கிழியாமல் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். இதை அண்ணனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது பைக்குப் பிறகு வெகுநேரம் கதவு திறக்கவில்லை. ஏதோ ஒன்று தவறிவிட்டது, எட்டும் தேறும் என்று நான் அவளை நம்ப வைத்தது தப்பு என்று என்னையே சபித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. நர்ஸ் கையை நீட்டினார்.

எட்டாவதையும் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அண்ணன் திறந்த பெட்டியைப் பார்த்தபடி நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

"எல்லாம் தீந்துடுச்சா?"

"தீந்துடுச்சு. எல்லாம் அண்ணி மேல இருக்கு."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

ஒட்டியது பிடித்ததா இல்லையா என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டைப் பிரித்த அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். முகமூடி, தொப்பி, அங்கி எல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலின் பக்கத்தில் நின்றோம். அவர் கடைசித் துணியை ஈரம் தொட்டுத் தொட்டு உரித்தார். உள்ளே வெளுத்த ரோஜா நிறத்தில், மெலிசாக, ஈரப் பளபளப்போடு ஒரு முதுகு இருந்தது. டாக்டரம்மா கையுறை விரலை வைத்து மெல்ல நகர்த்திப் பார்த்தார். வழுக்கவில்லை. கெட்டியாகப் பிடித்திருந்தது. இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பிடிக்கவில்லை, அது சுற்றியிருப்பதிலிருந்து வளர்ந்து தானாக மூடிக்கொள்ளும் என்று எங்கள் காதோடு சொன்னார்.

அண்ணன் பக்கம் திரும்பினேன், அவன் முகமூடி நனைந்திருந்தது. குப்புறக் கிடந்த அண்ணிக்கு எதுவும் தெரியாதே.

"ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து. "உயிரோட இருக்கா, இல்லையா அது?"

"இருக்கு" என்றான் அண்ணன். "முழுசா இருக்கு." அதற்குள் குரல் உடைந்துவிட்டது. நானும் குனிந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தேன்.

அண்ணியின் தோளும் குலுங்கியது. பிறகு, "அழறதுன்னா தள்ளி நின்னு அழுங்க" என்றாள். "இத்தனை பாடுபட்டு வந்த தோலு. உப்புத் தண்ணியைக் கொட்டிக் கெடுத்துடாதீங்க."

நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாகத் தள்ளி நின்று அழுதோம்.